மாமியாரோடு ஒரே வீடு, பகலில் கடை. எரிச்சல் குறைய மனசில் எதை மாற்றலாம்?

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமானால் ‘வேறு வைப்பார்கள்’. வீடு ஒன்றுதான், ஆனால் தனி அடுப்பு. ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்துவது புதுத் தம்பதியின் பாடு. இதை யாரும் பிரிவினையாக எடுத்துக்கொள்வதில்லை.

நானும் அப்படி யோசிக்கப் பழகினேன். காரைக்குடியில் எங்கள் வீட்டில் அடுப்பு ஒன்றுதான். ஆனாலும் குழம்பு அத்தை பாடு என்று விட்டுவிட்டேன். உப்பு, புளி எதிலும் தலையிடுவதில்லை. (முதல் வாரம் நாக்கு நமநமத்தது, உண்மை.) அப்புறம் கல்லாவைக் கடைப் பையனிடமே ஒப்படைத்தேன். இரவு ஒருமுறைதான் கணக்குப் பார்ப்பேன். ஒருநாள் 40 ரூபாய் குறைந்தது. நான் கேட்குமுன் அவனே சொல்லிவிட்டான்.