ஒற்றைப் பெற்றோரும் பிள்ளைகளின் படிப்பும்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் தாய்மாரும் தந்தையரும் கல்வி உதவி குறித்துக் கேட்டிருந்தவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம். கடிதம் எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். தொப்பூர் கணவாயில் நேர்ந்த விபத்தில் இறந்துவிட்டார். மகன் எட்டாம் வகுப்பும் மகள் ஐந்தாம் வகுப்பும் அரசுப் பள்ளியில் படிக்கின்றனர். நான் தக்காளி மண்டியில் கூலி வேலை செய்கிறேன். இவர்களின் படிப்புக்கு என்ன உதவி கிடைக்கும்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியே. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படிக்கும் மாணவரின் வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தால், அந்த மாணவரின் கல்விக்காக 75,000 ரூபாயை வைப்புத்தொகையாக அளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. தலைமையாசிரியர் வழியாகவே இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். தந்தையை இழந்த பிள்ளை வகுப்பில் இருப்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இப்படியொரு திட்டம் இருப்பது எல்லாப் பள்ளிகளிலும் நினைவில் இருப்பதில்லை. நீங்களாகக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அடுத்தது, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வரும் நிதி ஆதரவு. தாய் கைம்பெண்ணாகவோ மணமுறிவு பெற்றவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருந்தால், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. மாதம் 6,000 ரூபாய் என்னும் இந்த வரம்பு மிகவும் குறுகியது என்பதே எங்கள் கருத்து. மண்டியில் நாள்தோறும் வேலை கிடைக்கும் பருவத்தில் ஒரு கூலித் தொழிலாளியே அதைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே வருமானச் சான்றிதழைக் கவனமாகப் பெறுங்கள். கணவர் உயிரோடு இருந்தபோது அவருடைய லாரிச் சம்பளத்தையும் சேர்த்து வாங்கிய பழைய சான்றிதழை இணைத்தால் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். குடும்ப அட்டையில் அவர் பெயரை நீக்கி, உங்கள் கூலியை மட்டும் குறிப்பிட்டு, இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பித்துப் பெறுங்கள். நிதி ஆதரவுக்கான விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் 1098 என்ற எண்ணை அழைத்தால் சொல்வார்கள்.

மகன் எட்டாம் வகுப்பில் இருப்பதால் இன்னொரு வாய்ப்பும் இந்த ஆண்டே இருக்கிறது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் மட்டுமே எழுத முடியும். அதில் தேர்வு பெற்றால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். விபத்து இழப்பீட்டு வழக்கைப் பொறுத்தவரை, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு செய்ய வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதால் காலம் தாழ்த்தாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும்.

கேள்வி: என் கணவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், மூன்று ஆண்டுகளாகத் திரும்பி வரவில்லை, பணமும் அனுப்புவதில்லை. மகள் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எங்கே கேட்டாலும் கணவரின் இறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். உயிரோடு இருப்பவருக்கு எப்படி வாங்குவேன்? உறவினர்கள், கடன் வாங்கியாவது அவளை ராசிபுரம் பக்கம் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: எங்களுக்கு வரும் கடிதங்களில் மிகுந்த வருத்தம் தருபவை உங்களுடையதைப் போன்றவை. கணவர் இறந்தால் ஊரும் அரசும் அதை ஏற்றுக்கொள்கின்றன. கைவிட்டுப் போனால், அவர் என்றாவது வந்துவிடுவார் என்று சொல்லியே அந்தப் பெண்ணை வெறுங்கையோடு காத்திருக்க வைக்கிறார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டாம். கைவிடப்பட்ட நிலையை எழுத்தில் பதிவு செய்வதே உங்கள் மகளின் படிப்புக்காக நீங்கள் இப்போது செய்ய வேண்டிய முதல் காரியம்.

கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழை வருவாய்த் துறை வழங்குகிறது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். விசாரணைக்கு வரும்போது, கணவர் எந்த ஆண்டு, எந்த மாதம் போனார், கடைசியாக எப்போது பணம் அனுப்பினார் என்பதை ஒரே மாதிரியாகச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தார் இருவரிடமும் அதைத் தெரியப்படுத்தி வையுங்கள். காவல் நிலையத்திலோ மகளிர் காவல் நிலையத்திலோ எப்போதாவது மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது பெரிதும் உதவும். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு ஐந்து ஆண்டுப் பிரிவோ சட்டப்படியான பிரிவோ கேட்கப்படும். அதனால் உங்களுக்கு அது இப்போதைக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் முதல் பதிலில் கூறிய மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவில், கைவிடப்பட்ட தாயின் பிள்ளை என்ற பிரிவு தெளிவாகவே இடம்பெற்றிருக்கிறது. அங்கே இறப்புச் சான்றிதழைக் கேட்டால், எந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதை எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுங்கள்.

2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அன்புக் கரங்கள் திட்டம், மாதம் 2,000 ரூபாய் தருவது, உங்களுக்குப் பொருந்தாது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவராலும் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் உரியது அது. பெயரை மட்டும் கேள்விப்பட்டு அங்கே அலைந்து களைத்துவிடாதீர்கள்.

கணவர் எங்கே வேலை செய்கிறார் என்பது தெரியுமானால், ஜீவனாம்சம் கேட்டு மனு செய்ய உங்களுக்கும் மகளுக்கும் உரிமை உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் இருந்த இந்த உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய நீதிமன்றத்திலேயே மனு செய்யலாம். பெங்களூருக்குப் போக வேண்டியதில்லை.

இனி, உறவினர்கள் சொல்லும் தனியார் பள்ளிக்கு வருவோம். அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு, கல்லூரியில் சேர்ந்தபின் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தருவது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய இது, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் பின்னர் விரிவாக்கப்பட்டது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேல்நிலை வகுப்பின் இரண்டு ஆண்டுகளை மட்டும் தனியார் பள்ளியில் படித்தாலும் இவை கைநழுவிப் போகும். கடனும் வட்டியும் மிஞ்சும். ஊரிலிருந்து பள்ளி தொலைவு என்றால் அரசு மாணவியர் விடுதியில் சேருங்கள். உணவும் தங்குமிடமும் இலவசம்.

அவளுக்கு 18 வயது ஆகும்போது நிதி ஆதரவு நின்றுவிடும். கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் உதவி தொடங்கிவிடும். இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில்தான், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குத் தொழிற்சாலை வேலையோ திருமணமோ பேசத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் உறுதியாக நில்லுங்கள்.

கேள்வி: என் மனைவி நோயால் இறந்துவிட்டாள். நான் கட்டட வேலைக்கு வெளியூர் போகிறேன். இரண்டு மகன்களும் என் தாயாரிடம் இருக்கிறார்கள். உதவியெல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா?
– வாசகர், அரூர்

பதில்: பல திட்டங்கள் தாயை நினைத்தே எழுதப்பட்டவை, மனைவியை இழந்த கூலித் தந்தையைப் பற்றிய நினைப்பு அவற்றில் குறைவு. இது சரிசெய்யப்பட வேண்டும். இருப்பினும் உங்களுக்கும் வழிகள் உள்ளன. மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில், பொருளாதார நிலையிலும் உடல் நிலையிலும் பிள்ளைகளைப் பராமரிக்க இயலாத பெற்றோர் என்ற பிரிவு இருக்கிறது. உங்கள் உடல்நிலையும் அதற்கு இடம் தருமானால் அதன் கீழ் விண்ணப்பியுங்கள். முடிவு செய்வது மாவட்ட அளவிலான குழு. மகன்களை அரசு மாணவர் விடுதியில் சேர்க்கலாம். சமூகநீதி விடுதிகள் என்று இப்போது அழைக்கப்படுபவை அவையே. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் ஆண் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 முதல் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்குத் தனி உதவித்தொகை உண்டு. உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டவர்களே அதை இழக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது முதல் வேலையாக அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: நான் தனித்து வாழும் தாய். மகளைத் தனியார் பள்ளியில் இலவச ஒதுக்கீட்டில் சேர்க்க முடியுமா? தந்தையின் கையெழுத்து கட்டாயமா?
– வாசகி, சூளகிரி

பதில்: முடியும். கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் உரியவை. நலிந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பொறுத்தவரை, மணமாகாத தாய், தந்தையின் ஒப்புதல் இல்லாமலே பிள்ளையின் சட்டப்படியான காப்பாளர் ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது.

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் மகளுக்கு உதவித்தொகை அனுப்பியாகிவிட்டது என்று கல்லூரியில் சொல்கிறார்கள். அவளுடைய கணக்கில் வரவில்லை.
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: மகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிக் கணக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பள்ளியில் படித்தபோது ஒன்று, கல்லூரியில் சேர்ந்தபோது இன்னொன்று எனத் தொடங்கியிருப்பார்கள். ஆதார் எண் வழியாக அனுப்பப்படும் தொகை, படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போகாமல், கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்கே போய்ச் சேரும். பழைய கணக்கின் புத்தகத்தை வங்கியில் கொடுத்து வரவு பதியச் சொல்லுங்கள். அங்கும் இல்லையென்றால், ஆதார் அட்டை, மாற்றுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் பெயரையும் முதலெழுத்தையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் முதலெழுத்து முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருப்பதும், ஒரு பிறந்த தேதி மாறியிருப்பதும் கூடத் தொகையைத் தடுத்துவிடும். வேறுபாடு இருந்தால் ஆதாரைத் திருத்திவிட்டு, கல்லூரியில் உதவித்தொகைக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் புதிய நகலைக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் தொகையைப் பெறுவதால் சாதிவாரி உதவித்தொகை கிடைக்காது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தகுதி இருந்தால் இரண்டையும் பெறலாம்.