விடுமுறை முடிந்து வந்ததும் பாதியில் நிற்கும் நாவலுக்குள் எப்படித் திரும்புவது?

"நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்த பிறகும் பாதி எழுதிய நாவலைத் தொட முடியவில்லை, எனக்குள் எழுத்தே வற்றிப்போய்விட்டதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வற்றவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இதே பயத்தோடு ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறேன்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. கிளம்பும் முன் ஒரு அத்தியாயத்தைச் சுத்தமாக முடித்துவிட்டு, மனநிறைவோடு கிளம்பியிருப்பீர்கள். திரும்பி வந்த மறுநாள், கதை மறந்திருக்குமே என்று முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். படித்ததும் எதுவுமே பிடித்திருக்காது. சரியா? இரண்டுமே தவறு. இரண்டையும் நானும் செய்தேன்.

என் மூன்றாவது நாவல் அது. ஒரு வீட்டைப் பாகம் பிரித்துக்கொள்ளும் அக்கா தங்கையின் கதை. 17 அத்தியாயம் முடித்திருந்தேன். பதினேழாவதின் கடைசி வரியில் அக்கா வீட்டுச் சாவியைத் தங்கையின் கையில் கொடுக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அங்கேயே நிறுத்திவிட்டு 12 நாள் போய்விட்டேன். நோட்டுகூட எடுத்துப் போகவில்லை. தூங்கினேன், நடந்தேன், யாரோ எழுதியதைப் படித்தேன். அந்த 12 நாளுக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "அப்போ ஓய்வே கூடாதா?" என்று யாராவது வருவார்கள். ஓய்வு வேண்டும். இரண்டு வருடம் இழுத்துக்கொண்டு போகிற வேலையில் ஓய்வு இல்லையென்றால் கதையில் இருக்கிற எல்லோரும் எழுதுகிறவரைப் போலவே களைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வந்தேன், முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பதாவது பக்கம் வருவதற்குள் எல்லாமே பொய்யாகத் தெரிந்தது. முதல் அத்தியாயத்தைத் திருத்த ஆரம்பித்தேன். நான்கு தடவை மாற்றி எழுதினேன். நான்காவது வடிவம் முதலாவதைவிட மோசம். இதிலேயே 26 நாள் போனது. ஓய்வெடுத்ததைவிட இரண்டு மடங்கு நாள்! ஒருவழியாகப் பதினெட்டாவது அத்தியாயத்தைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி: அந்த அக்கா, தன் தங்கையின் கணவரை "வாங்க" என்பாளா "வா" என்பாளா என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு வருடம் என்னோடு இருந்தவள்.

"புதிய கண்ணோடு பாருங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த அறிவுரை முழுதாக எழுதி முடித்த வரைவுக்குத்தான் பொருந்தும். பாதியில் நிற்கிற நாவலுக்குப் புதிய கண் எதிரி. ஓய்வெடுத்துவிட்டு வருகிறவர் வாசகராக வருகிறார். வாசகருக்குக் குறை தெரியும், அடுத்து என்ன என்று தெரியாது. அடுத்து என்ன என்பது எழுதுகிற கைக்குத்தான் தெரியும், அந்தக் கை இன்னும் விடுமுறையில் இருக்கிறது. கையை முதலில் கூப்பிட வேண்டும், கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் எப்படிக் கூப்பிட்டேன் என்றால், வேறு வழி தோன்றாமல் பேனாவை எடுத்து, பதினேழாவது அத்தியாயத்தின் கடைசி மூன்று பக்கங்களை அப்படியே பார்த்துத் தாளில் எழுதினேன். எதையும் திருத்தவில்லை. இரண்டாவது பக்கத்தில், சாவியைக் கொடுப்பதற்கு முன் அக்கா அதை ஒரு நொடி உள்ளங்கையில் எடை பார்ப்பதுபோல வைத்திருப்பாள் என்று ஒரு வரி. தட்டச்சு செய்தபோது சும்மா வந்த வரி, படித்தபோதும் கவனிக்கவில்லை. கையால் எழுதும்போது அந்த இடத்தில் பேனா நின்றது. எதற்காக எடை பார்க்கிறாள்? இவளிடம் இன்னொரு சாவி இருக்கிறது! கொடுப்பது ஒன்று, வைத்துக்கொண்டது ஒன்று. பதினெட்டாவது அத்தியாயம் அங்கே திறந்தது. அவள் "வாங்க" என்றுதான் சொல்வாள் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது, மறைக்க ஒன்று இருக்கிறவள் மரியாதையை விடமாட்டாள்.

இது உங்கள் ஒருவரின் அனுபவம்தானே என்று கேட்கலாம். சரி, என்னைவிடப் பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஆண்டனி ட்ரோலோப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே விடிகாலையில் எழுதியவர், கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 வார்த்தை என்று கணக்கு வைத்தவர். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல் எழுதினார். அவர் இறந்த மறு வருடம், 1883-ல் வந்த சுயசரிதையில், தினமும் முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கே போகும் என்கிறார். முந்தின நாள் எழுதியதை மட்டும். முதல் அத்தியாயத்தை அல்ல. ஜான் ஸ்டைன்பெக் 1951-ல் ஒரு பெரிய நாவல் எழுதியபோது நோட்டின் இடது பக்கத்தில் தன் எடிட்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையைச் சூடாக்கிக்கொண்டு, அப்புறம்தான் வலது பக்கத்தில் கதைக்குப் போனார். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-ல் வெளியான பேட்டியில், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்திவிடுவேன் என்று சொல்கிறார். நான் சாவியைக் கொடுத்த இடத்தில் நிறுத்தியது இதற்கு நேர் எதிர். அத்தியாயம் முடிந்துவிட்டது, மனம் கடையைச் சாத்திவிட்டது. முடிக்காத வேலைதான் முடித்த வேலையைவிட நினைவில் அதிகம் தங்குகிறது என்று ப்ளூமா ஜைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் எழுதினார். பிற்காலச் சோதனைகள் எல்லாவற்றிலும் அதே முடிவு வரவில்லை, அதனால் அறிவியலே சொல்லிவிட்டது என்று நான் அடித்துப் பேசப் போவதில்லை. என் மேசையில் அது உண்மை, அவ்வளவுதான்.

விடுமுறை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது, கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் முதல் நாவல் அச்சுக்குப் போன சமயம், நான் வெளியூரில் இருக்கிறேன் என்று தெரிந்தே பதிப்பாளர் ப்ரூஃபை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பதற்கான பிரதியை, அனுப்பி மூன்று நாளில் திருப்பிக் கேட்டார். தங்கியிருந்த அறையில் இரவெல்லாம் உட்கார்ந்து 41 திருத்தம் குறித்து அனுப்பினேன். புத்தகம் வந்தபோது அதில் ஒன்றுகூட ஏறவில்லை. ஒரே பக்கத்தில் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்! கேட்டால் "அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அடுத்த பதிப்பு வரவே இல்லை. இன்றும் யாராவது அந்தப் பக்கத்தைப் படமெடுத்து "ஏன் இவ்வளவு அலட்சியம்?" என்று எனக்கு அனுப்புகிறார்கள், வாசகர் கேட்பது நியாயம்தான், ஆனால் கேள்வி வருகிற முகவரி தவறு. எழுதுகிறவரின் ஓய்வு நாளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு போக வேண்டும். "உனக்கென்ன, தினமும் விடுமுறைதானே" என்று சொல்கிற சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் அத்தியாயங்களை இப்போதைக்குக் கண்ணில் படாத வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள். நாளைக் காலை கடைசி மூன்று பக்கத்தைக் கையால் எழுதுங்கள். கையால் எழுத முடியாதவர்கள் பார்த்துத் தட்டச்சு செய்தாலும், வாய்விட்டு மெதுவாகப் படித்தாலும் போதும், வேகத்தைக் குறைப்பதுதான் காரியம். முதல் நாள் புதிதாக ஒரு வரி வராவிட்டாலும் எழுந்து போய்விடுங்கள், மறுநாள் அதே மூன்று பக்கத்தை மறுபடி எழுதுங்கள். எனக்கு முதல் நாளே வந்தது, அதற்குள் 26 நாள் பட்டினி கிடந்திருந்தேன்.

அடுத்த விடுமுறைக்கு நான் கிளம்பியபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினேன். "அவள் இரண்டாவது சாவியை எடுத்துப் பூட்டில் நுழைத்தபோது" என்பதோடு ஃபைலை மூடிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து வந்து திறந்தேன், அரை மணி நேரத்தில் அந்த வாக்கியம் முடிந்து அடுத்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறையில் ஒரு தடவைகூட நாவலைப் பற்றி நான் வேண்டுமென்று யோசிக்கவில்லை, ஆனால் பூட்டு திறக்காது என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

அந்த மூன்று பக்கத்தில் உங்கள் கை எந்த வரியில் நின்றது என்று கீழே எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.