லீவில் வந்த துரை

கேள்வி: 1878-இல் விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்ற ஃபிராங்க் ஹேடோ இலங்கையிலிருந்து போனவராமே! முதல் ஆசிய சாம்பியன் என்று அவரைக் கொண்டாடலாம் அல்லவா? என் மைத்துனரோ, ‘குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரே தடவை ஜெயித்துவிட்டு ஓடிப்போன ஆசாமி’ என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இருவர் சொல்வதும் தப்பு. மைத்துனரை முதலில் கவனிப்போம்.

குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு செட் கிடைக்கலாம். போட்டி முழுவதும் ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்காமல் வர முடியுமா? ஹேடோ அப்படித்தான் வந்தார். இறுதியில் எதிரே நின்றவர் ஸ்பென்சர் கோர். முந்தைய ஆண்டு, முதல் விம்பிள்டனையே வென்றவர். அந்தக் காலத்து வலை நடுவில் மூன்றடி உயரத்துக்குத் தாழ்ந்திருக்கும். இரு ஓரங்களிலும் ஏறக்குறைய ஐந்தடி. ஓரமாக அடித்தால் வலை மறிக்கும், நடுவழியே அடித்தால் கோர் மறிப்பார். வலையருகே வந்து நின்றுகொண்டு, வருகிற பந்தைத் தரையில் விழவிடாமலே அறைவது அவர் வித்தை. இடமும் இல்லை, வலமும் இல்லை என்றானபின் ஹேடோ பந்தை மேலே அனுப்பினார். கோரின் மட்டைக்கு எட்டாத உயரத்தில் போய், அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. திரும்பி ஓடினார் கோர். முன்னே வந்தார், மறுபடி ஓடினார். 7-5, 6-1, 9-7. இன்று பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் ‘லாப்’ அதுதான்.

இலங்கைக் காப்பித் தோட்டத்திலிருந்து லீவில் வந்து ஆடிவிட்டு, லீவு முடிந்து தோட்டத்துக்குக் கப்பலேறியவரை ‘ஓடிப்போனவர்’ என்பது என்ன நியாயம்? பரிசுப் பணமா, விளம்பர ஒப்பந்தமா, எதற்காக அவர் காத்திருக்க வேண்டும்? அன்று அது புல்தரைப் பொழுதுபோக்கு. மிடில்செக்ஸ் அணிக்குக் கிரிக்கெட் ஆடிய ஹேடோ மறு ஆண்டு பட்டத்தைக் காக்கவே வரவில்லை. கோரே பிற்பாடு, கிரிக்கெட்டில் தேர்ந்தவனுக்கு இந்த ஆட்டம் அலுத்துவிடும் என்ற பொருளில் எழுதினார்! 1926-இல் விம்பிள்டன் பொன்விழாவுக்குப் பழைய சாம்பியன்களைக் கூப்பிட்டபோது, எழுபத்தொரு வயது ஹேடோ வந்து மேரி அரசியின் கையால் பதக்கம் வாங்கிக்கொண்டார்.

இனி உங்கள் பங்கு. லண்டனில் பிறந்து, ஹாரோ பள்ளியில் படித்து, பிழைப்புக்காக இலங்கை மலையேறிய ஆங்கிலேயர் எப்படி ஐயா ஆசிய சாம்பியன் ஆவார்? அந்த மலையில் அவரைப் போன்றவர்களுக்குத் ‘துரை’ என்று பெயர். துரைமாரின் தோட்டங்களில் காடு வெட்டிக் காப்பிக் கன்று நட்டவர்கள், கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து போன நம் ஜனங்கள். உங்கள் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் போனார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரையாவது தேடிப் பிடித்து எழுதி அனுப்புங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன்.