ஐ2சி பஸ்ஸும் டிரைவர் ஆவணமும்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் சிறு போர்டுகளோடு மல்லுக்கட்டும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) வன்பொருள் பஸ்கள், அதாவது சில்லுகளை இணைக்கும் ஐ2சி போன்ற தகவல் தடங்கள், பயனர் நிரல்களுக்கு எவ்வாறு திறந்துவிடப்படுகின்றன, அதை எவ்வாறு ஆவணப்படுத்துவது என்பதே பொருள். பற்றவைப்பு, மின்னேற்றி பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

பர்கூர் மாணவர்: ஐயா, ஒரு ஐ2சி கட்டுப்படுத்திக்கு டிரைவர் (அதை இயக்கும் கெர்னல் நிரல்) எழுதியிருக்கிறேன். பயனர் நிரல் அதை அணுகும் முறையை ஆவணமாக எழுதச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

எதை எழுத வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குங்கள், தம்பி. உங்கள் டிரைவர் பயனர் நிரலோடு நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஐ2சி-டெவ் என்னும் பொது மாட்யூல் உட்கார்ந்திருக்கிறது. டெவ் கோப்பகத்தில் ஐ2சி-0, ஐ2சி-1 என்று தெரியும் கோப்புகளை உருவாக்குவதும், நிரல்கள் கட்டளையிட அனுப்பும் ஐஓ-கண்ட்ரோல் அழைப்புகளை ஏற்பதும் அதன் வேலை. அதற்குக் கெர்னலிலேயே ஆவணம் இருப்பதால், அதை மறுபடி எழுதினால் நாளடைவில் இரண்டும் முரண்படும்.

நீங்கள் எழுத வேண்டியது உங்கள் கட்டுப்படுத்திக்கே உரியவற்றை. முதலாவது, அது எந்தெந்த வகைப் பரிமாற்றங்களைச் செய்யும் என்பது. ஐ2சியின் கட்டுப்பாடான வகையான எஸ்எம்பஸ்ஸின் அழைப்புகளை மட்டும் செய்யுமா, முழு ஐ2சி செய்திகளையும் அனுப்புமா என்பதைப் பயனர் நிரல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருந்தாலும், காரணத்தை ஆவணம்தான் சொல்லும். அடுத்து, அளவு வரம்புகள்: ஒரே அழைப்பில் 42 செய்திகள் வரை, ஒவ்வொன்றும் 8192 பைட் வரை அனுப்ப ஐ2சி-டெவ் இடம் தருகிறது, உங்கள் வன்பொருள் அதைவிடக் குறைவாகத்தான் தாங்குமென்றால் அந்த எண்ணை ஒளிக்காதீர்கள். பிழை நேர்ந்தால் எந்த எண் திரும்பும் என்பதும் வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பஸ் எண்ணை மட்டும் ஆவணத்தில் உறுதியாக எழுதிவிடாதீர்கள். இன்று 1 ஆக இருப்பது, வேறொரு கட்டுப்படுத்தி முந்திக்கொண்டால் நாளை 3 ஆகலாம். சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பஸ்ஸின் பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்லுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் புதிய கோப்பு எதையாவது நீங்களே சேர்த்திருந்தால், ஆவணக் கோப்பகத்தின் ஏபிஐ (ABI) பகுதியில் அதற்குத் தனிப் பதிவு வேண்டும்: எந்தக் கோப்பு, எந்தத் தேதி, எந்தக் கெர்னல் பதிப்பு, யாரைத் தொடர்புகொள்வது, என்ன பொருள். ஒரு கோப்பில் ஒரு மதிப்பு என்ற விதியையும் மீறாதீர்கள்.

தர்மபுரி: கோப்பைத் திறந்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்கிறது.

உங்கள் பயனரை ஐ2சி குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள்.

சந்தூர், மாங்கூழ் ஆலைப் பராமரிப்புப் பணியாளர்: தொடாமல் வெப்பம் அளக்கும் எம்எல்எக்ஸ்90614 உணரியில் முதலில் எழுதி, பிறகு படித்தால் தவறான மதிப்பு வருகிறது. உணரி பழுதா?

உணரி நன்றாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் ரைட் அழைப்பையும் ரீட் அழைப்பையும் தனித்தனியே செய்கிறீர்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் பஸ்ஸில் நிறுத்தக் குறி போகிறது. இந்த உணரியோ, பதிவேட்டு எண்ணைப் பெற்றபின் நிறுத்தம் இல்லாமல் மறுதொடக்கக் குறியை எதிர்பார்க்கிறது. இரண்டு செய்திகளையும் ஒரே கூட்டுப் பரிமாற்றமாக அனுப்புங்கள், அல்லது எஸ்எம்பஸ்ஸின் இரண்டு பைட் படிப்பு அழைப்பைப் பயன்படுத்துங்கள்.

காவேரிப்பட்டணம்: டிஎஸ்3231 கடிகாரம் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 68இல் இருக்க வேண்டும். முகவரிகளைத் தேடிப் பார்க்கும் ஐ2சி-டிடெக்ட் கருவி அந்த இடத்தில் "யூயூ" காட்டுகிறது.

கெர்னல் டிரைவர் ஒன்று அந்த முகவரியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்பதே பொருள். அதே முகவரியை உங்கள் நிரல் கேட்டால் ஈ-பிஸி (வேறு பயன்பாட்டில் உள்ளது) என்ற பிழை வரும். நேரத்தை டெவ் கோப்பகத்தின் ஆர்டிசி (கடிகாரக்) கோப்பு வழியாகப் படியுங்கள். சில்லின் வெப்பநிலை வேண்டுமானாலும் அதே டிரைவர் எச்டபிள்யூமான் என்னும் உணரி இடைமுகம் வழியாகத் தருகிறது. முகவரியை வலிந்து எடுக்கும் ஃபோர்ஸ் அழைப்பைப் பயன்படுத்தி உள்ளே நுழையாதீர்கள். இருவர் ஒரே சில்லின் பதிவேடுகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் மாற்றும் நிலை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐ2சி-டிடெக்டைப் பொழுதுபோக்காக ஓட்டாதீர்கள். முகவரியைத் தட்டிப் பார்ப்பதற்கு ஐ2சியில் பாதுகாப்பான வழி என்று ஒன்று கிடையாது. பழைய திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் இருந்த 24ஆர்எஃப்08 நினைவகச் சில்லு, இப்படித் தட்டியதாலேயே உள்ளடக்கம் கெட்டுக் கணினியை முடக்கியது.

ஓசூர், தொழிற்சாலைப் பொறியாளர்: இவ்வளவு எதற்கு? நிரல்தான் ஆவணம். சந்தேகம் வந்தால் டிரைவரைத் திறந்து படித்தால் போயிற்று.

சரி, படிப்போம். முகவரிக்கு எந்தச் சில்லும் பதில் சொல்லாவிட்டால் எந்தப் பிழை திரும்பும்? ராஸ்பெர்ரி பையின் டிரைவரைத் திறந்தால் ஈ-ரிமோட்-ஐஓ என்று இருக்கும். நீங்களும் அந்த எண்ணைச் சோதித்து நிரல் எழுதுவீர்கள். பிறகு ஜிபிஐஓ (பொதுப் பயன்) பின்களைக் கொண்டே ஐ2சி செய்யும் டிரைவருக்கு மாறினால் ஈ-என்எக்ஸ்-ஐஓ வரும். உங்கள் நிரல் விழிக்கும். கெர்னலின் பிழைக்குறி ஆவணம் இந்த நிலைக்கு ஈ-என்எக்ஸ்-ஐஓவைத்தான் சொல்கிறது.

தேன்கனிக்கோட்டை: அப்படியானால் ஆவணம்தானே பொய்யாகிறது? ஓசூர்க்காரர் பக்கம்தான் நியாயம்.

பாதி நியாயம். அந்த ஆவணமே, வன்பொருள் பிழைகளைப் பிரித்துச் சொல்லாதபோது டிரைவர்கள் வேறு குறிகளையும் தரலாம் என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை நிரலிலிருந்து நீங்கள் பெற முடியாது. நிரல் இன்று நடப்பதைக் காட்டும். எது தற்செயல், எதை நம்பிப் பயனர் நிரல் எழுதலாம் என்பதை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் கெர்னல்காரர்கள் கண்டிப்பானவர்கள். ஆவணம் இல்லாத இடத்தில் தற்செயலும் வாக்குறுதியாகிவிடும், பிறகு அதைத் திருத்தவும் முடியாது.

பென்னாகரம்: அனுமதி மறுக்கப்பட்டது என்று வருகிறது, அண்ணா.

தர்மபுரிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பாலக்கோடு: தரவுத்தாளில் முகவரி ஹெக்ஸ் ஏ0 என்கிறது, லினக்ஸில் 50 என்கிறார்கள்.

தரவுத்தாள் படிக்க/எழுத பிட்டையும் சேர்த்து எட்டு பிட்டாகச் சொல்கிறது. லினக்ஸுக்கு ஏழு பிட் போதும். ஆவணத்தில் எது என்று குறிப்பிடுங்கள்.

ஊத்தங்கரை: எஸ்பிஐ என்னும் இன்னொரு பஸ்ஸில் 4096 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியவில்லை.

எஸ்பிஐக்கான பொது மாட்யூலான ஸ்பைடெவ்வின் இயல்பான இடையக அளவு அது. மாட்யூலை ஏற்றும்போது பஃப்சிஸ் அளவுருவைக் கூட்டலாம்.

அரூர்: அனுமதி மறுக்கப்பட்டது…

மூன்றாம் முறை. ரூட்டாக ஓட்டிப் பழகாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஓசூர், அதே பொறியாளர்: இரண்டு பிழை எண்களையும் இப்போது சோதிக்கிறேன். ஆனால் என் பழைய நிரலில் ஃபோர்ஸ் அழைப்பு இருக்கிறது; இல்லாவிட்டால் ஓடுவதில்லை. ஆவணத்தில் அதை எப்படி எழுதுவது?

எழுதாதீர்கள், நீக்குங்கள். முகவரியைப் பிடித்திருக்கும் டிரைவர் எது என்று சிஸ்எஃப்எஸ்ஸில் பாருங்கள். அது தேவையில்லை என்றால் முறையாக அன்பைண்ட் செய்யுங்கள் (சில்லிலிருந்து பிரித்துவிடுங்கள்). தேவை என்றால் உங்கள் நிரல் அதன் வழியாகவே போகட்டும். இரண்டில் எதைச் செய்தீர்கள் என்பதே ஆவணத்தில் வர வேண்டிய வரி.