‘நம்மைப் புரிந்துகொண்டார்கள்’ என்ற உணர்வு எப்போது வருகிறது?

கேள்வி: நான் பேசும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனாலும் யாரும் கேட்காத மாதிரியே இருக்கிறது. ஏன்?

தலையாட்டுவது காதின் வேலை இல்லை, அதனால்தான்.

எனக்கு வேலை போன சமயம். விஷயத்தைச் சொன்ன அடுத்த நிமிடமே ஆளுக்கொரு யோசனை: ‘இந்த கோர்ஸ் படி’, ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’. ஒரு நண்பன் மட்டும் எலியட்ஸ் பீச் மணலில் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். (சுண்டல் முழுவதையும் அவனே தின்றான், அது வேறு கதை.) கடைசியில், “அப்போ வேலை போனதை விட, அப்பாகிட்ட சொல்றதுதான்டா உனக்குக் கஷ்டமா இருக்கு, இல்ல?” என்றான். நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவே இல்லை. தொண்டை அடைத்துவிட்டது.

உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்தியதும் ஏறக்குறைய இதைத்தான். எதிராளி சொன்னதையும் அதன் பின்னுள்ள உணர்வையும் உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் ‘ஆமாம், அதேதான்’ என்ற பிறகு உங்கள் கருத்துக்கு வாருங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவரே திருத்துவார்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்திலும் தன்னார்வலர்களின் முக்கிய வேலை, தீர்ப்புச் சொல்லாமல் கேட்பதுதான்.

தமிழில் ‘கேள்’ என்றால் செவிகொடு, வினவு இரண்டும்தான். நாம் பாதியோடு நிறுத்திவிடுகிறோம் என்பது என் எண்ணம். அப்புறம், அடுத்த முறை பேச்சைத் தொடங்கும்போதே, “யோசனை வேண்டாம், கொஞ்சம் கேளு, போதும்” என்று சொல்லிப் பாருங்கள். நமக்கு வேண்டியது அவ்வளவுதான் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை.