லாஸ் லோபோஸ்: எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

"அமெரிக்க ராக்கும் மெக்சிகோ நாட்டுப்புற இசையும் கலந்து வாசிக்கும் குழு எது, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் லாஸ் லோபோஸ் என்பேன்.

டேவிட் ஹிடால்கோ, லூயி பெரெஸ், சீசர் ரோசாஸ், கான்ராட் லோசானோ நால்வரும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த மெக்சிகோ வம்சாவளியினர். சிறு வயதில் வாசித்தது ராக்தான். 1973-ல் ஒன்றுசேர்ந்தபோது எலெக்ட்ரிக் கிடாரை ஓரமாக வைத்துவிட்டு, பெற்றோர் காலத்துப் பாட்டுகளைத் தேடிப் படித்தார்கள். கல்யாணம், விருந்து என்று பல வருடம் அதையே வாசித்துவிட்டு, அப்புறம்தான் ராக் பக்கம் திரும்பினார்கள். அதனால்தான் இவர்களிடம் மெக்சிகோ இசை மேலே தூவிய மசாலாவாக இல்லை, பாட்டே அதில் ஊறியிருக்கிறது.

முதலில் 1987-ல் வந்த 'லா பம்பா'. எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதானே என்று தள்ளிவிடாதீர்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியைச் சேர்ந்த இந்த நாட்டுப்புறப் பாட்டை 1958-ல் அமெரிக்கப் பாடகர் ரிச்சி வாலன்ஸ் ராக் அண்ட் ரோலாக மாற்றினார். அடுத்த வருடம் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு 17 வயது. அவரைப் பற்றிய படத்துக்காக லாஸ் லோபோஸ் பாடியது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இதைக் கடைசிவரை கேளுங்கள். முடிவில் டிரம்ஸ் ஓய்ந்து, ஜரானா என்கிற சின்ன கிடாரின் மீட்டல் தனியாக ஓடும். பாட்டு பிறந்த ஊருக்கே அதைக் கொண்டுபோய் விடுகிறார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு யாராக இருந்தாலும் அதே மாதிரி இன்னொன்று போடுவார்கள். இவர்களோ 1988-ல் முழுக்க முழுக்க ஸ்பானிஷ் மொழியில், மெக்சிகோவின் பாரம்பரிய பாணி ஆல்பமாக 'லா பிஸ்டோலா இ எல் கொராசோன்' போட்டார்கள். கிராமி விருதும் வந்தது. இரண்டாவதாக அதைக் கேளுங்கள். ஹிடால்கோவின் அக்கார்டியன் அதில் அவ்வளவு துள்ளலாக இருக்கும். ஜெர்மன், செக் குடியேறிகள் போல்கா நடனத்தோடு டெக்சாஸ் எல்லைப் பக்கம் கொண்டுவந்த கருவி அது. மெக்சிகோக்காரர்கள் அதை பாஹோ செக்ஸ்டோ என்கிற 12 நரம்பு கிடாரோடு ஜோடி சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ராக் தூக்கலாக வேண்டுமென்றால் 1984-ல் வந்த 'ஹவ் வில் தி வுல்ஃப் சர்வைவ்?'. 1992-ன் 'கீகோ'தான் எனக்கு உயிர். ஆனால் ஒலியமைப்பு விசித்திரமாக இருக்கும் என்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், ஹெட்போனில் கேளுங்கள்.