பாட்டு ரீச்சர் சந்தா கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டில் வைத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டும் கீபோட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் சினிமாப் பாட்டுத்தான் கேட்கிறார்கள். இசை ஆசிரியர்களுக்கான ஒரு வெளிநாட்டு அப், பொப் பாட்டுகளை வைத்தே பாடம் நடத்தலாம், ஏழு நாள் இலவசம் என்றது. போனில் இறக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை, அழித்துவிட்டேன். எட்டாம் நாள் வங்கி அட்டையிலிருந்து ஒரு வருடக் காசு போய்விட்டது. அழித்த அப்புக்கு எப்படிக் காசு எடுப்பார்கள்? இனி எதை வாங்குவது?

பதில்: அப்பை அழித்தால் போனில் இடம்தான் மிச்சமாகும், சந்தா அப்படியே ஓடும். பிளே ஸ்டோரில் மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் அங்கே நிறுத்த வேண்டும். இன்றைக்கே செய்யுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடமும் போகும். காசு போய் 48 மணித்தியாலத்துக்குள் என்றால் கூகுளிடமே திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். பிந்திவிட்டால் அப் நடத்துபவர்களுக்கு எழுதுங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் உள்ளூர்க் கடையோடு பிரச்சினை என்றால் நல்ல துணை. டொலர் சந்தாவுக்கு அங்கே பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

சரி, இனி எதை வாங்குவது? என்னைக் கேட்டால், முதல் வருடம் ஒன்றும் வாங்காதீர்கள். அந்த மாதிரி அப்புகள் சொல்லும் பொப் பாட்டு பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டு. உங்கள் பிள்ளைகள் கேட்பதோ இளையராஜாவும் ரஹ்மானும்.

குரோம் மியூசிக் லாப் என்ற தளத்தில் சோங் மேக்கர் இருக்கிறது. காசும் இல்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை. கட்டங்களைத் தொட்டால் சுரம் ஒலிக்கும். திறந்தவுடன் இருப்பது மேஜர் ஸ்கேல், அதாவது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். செட்டிங்ஸில் பென்டடோனிக் என்று மாற்றினால் மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் மட்டும் நிற்கும். சின்னப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மோகனத்தை விட்டு வெளியே போகாது. செய்த மெட்டை லிங்காக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதை, மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், அது உங்கள் தொண்டையிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு கட்டைச் சுருதியில் உள்ள ஆண் குரல் பாட்டை ஐந்தரைக் கட்டையில் பாடும் மாணவிக்கு எழுதிக்கொடுக்க, நோட்ஸ் எழுதும் மியூஸ்ஸ்கோர் போதும். ஒருமுறை எழுதிவிட்டால் சுருதியை அதுவே மாற்றித்தரும். ஆனால் டொட் ஓர்க் தளத்திலிருந்து இறக்குங்கள், அதுதான் இலவச மென்பொருள். அதே பெயரில் உள்ள டொட் கொம் தளம் நோட்ஸ் பகிரும் இடம், சந்தா கேட்கும். இலவசத்தைத் தேடிப் போய் அங்கே அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பழைய கதைதான். காசு கொடுத்தால் நிலைக்கும் என்றும் இல்லை. 1988 இலிருந்து விற்ற, நோட்ஸ் எழுதும் பினாலே மென்பொருளையே 2024 ஓகஸ்டில் நிறுத்திவிட்டார்கள்.

பாட்டைக் காதால் கேட்டுப் பிடிக்க யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். சுருதி மாறாது, மெட்டின் நெளிவுகளான சங்கதிகள் தெளிவாகக் கேட்கும்.

கேள்வி: மகன் கீபோட்டை போனில் பொருத்தி பான்ட்லாப் என்ற இசை அப்பில் வாசிக்கிறான். கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் சத்தம் வருகிறது. கீபோட் பழுதென்று கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: காதில் புளூடூத் ஹெட்போனா? அப்படியென்றால் தாமதம் பெரும்பாலும் அதில்தான். பாட்டுக் கேட்கும்போது தெரியாது, வாசிக்கும்போது தெரியும். வயர் உள்ள ஹெட்போன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். சரிவந்தால் கடைப்பக்கம் போக வேண்டாம்.